ஒமேகா-3ஐ உங்கள் அடுக்களையில் தேடுவது எப்படி

கீரைக்கட்டைப் பிரித்து ஒரு தண்டைக் கிள்ளி முகர்ந்து பாருங்கள். பச்சை வாசம் என்கிறோமே, புல் வெட்டும்போது எழுமே, அந்த வாசம் இலையின் கொழுப்பு உடைவதால் வருவது. இலை காயப்பட்டதும் அதன் சவ்வுகளில் இருக்கும் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் துண்டாகி, ஆவியாகும் சிறு மூலக்கூறுகளாகிக் காற்றில் கலக்கிறது. மருந்துக் கடைகளில் ஒமேகா-3 என்று எழுதி விற்கிறார்களே, அந்தக் குடும்பத்துக்கே தாய் இந்த அமிலம்தான். கீரைக்காரம்மா கூடையில் இருப்பதும் அதுதான்.

"எந்த மாத்திரை வாங்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வீட்டில் என்ன எண்ணெய், மாதம் எத்தனை லிட்டர்?" என்பதுதான். பெரும்பாலானோருக்குப் பதில் தெரிவதில்லை. அங்கிருந்துதான் இந்த வழிகாட்டியும் தொடங்குகிறது. படிக்க அரை மணி நேரம் ஆகாது. செய்து பார்க்க ஒரு வாரம் போதும்.

முதல் படி: இரண்டு பெயர்களைப் பிரித்துப் பழகுங்கள்

கொழுப்பு அமிலங்கள் எத்தனையோ உண்டு. பெரும்பாலானவற்றை நம் உடலே செய்துகொள்ளும். சோற்றையும் சர்க்கரையையும் கூடுதலாகச் சாப்பிட்டால்கூட அதிலிருந்து கொழுப்பைக் கட்டிவிடும். செய்யவே முடியாதவை இரண்டு: லினோலெயிக் அமிலம், ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். முதலாவது ஒமேகா-6, இரண்டாவது ஒமேகா-3. பெயர்கள் ஒரே எழுத்தில் மாறுவதால் எல்லோருக்கும் குழப்பம் வரும். 'யி' வந்தால் ஆறு, 'னி' வந்தால் மூன்று என்று நினைவில் வைத்தால் போதும். இந்த இரண்டையும்தான் அத்தியாவசியக் கொழுப்பு அமிலங்கள் என்கிறோம். உணவில் வந்தே ஆக வேண்டும் என்பதால் அந்தப் பெயர்.

நம்மால் முடியாதது செடிக்கு எப்படி முடிகிறது? இந்த அமிலங்கள் 18 கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலிகள். சங்கிலியின் ஒன்பதாம் இடத்தில் இரட்டைப் பிணைப்புப் போடும் நொதி நமக்கும் உண்டு. அதைத் தாண்டி 12ஆம் இடத்திலும் 15ஆம் இடத்திலும் போடும் நொதிகள் செடிகளிடம் இருக்கின்றன, நம்மிடம் இல்லை. 12இல் போட்டால் லினோலெயிக் அமிலம். அதோடு 15இலும் போட்டால் லினோலெனிக் அமிலம். இப்படிப் பிணைப்பு கூடக் கூடக் கொழுப்பு குளிரிலும் உறையாமல் இளகி இருக்கும். தேங்காய் எண்ணெய் மார்கழியில் கட்டியாகிவிடுகிறது. ஆளி விதை எண்ணெய் குளிர்பெட்டிக்குள்ளும் நீராக ஓடுகிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி வேதியியல் புரிந்துவிடும்.

பச்சை இலையில் ஒளியைப் பிடிக்கும் சவ்வுகள் முழுக்க ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் நிறைந்தவை. புழு கடித்தால், இதே அமிலத்திலிருந்து ஜாஸ்மோனிக் அமிலம் என்ற எச்சரிக்கைச் செய்தியையும் செடி தயாரிக்கிறது. அதன் நெருங்கிய உறவான மெத்தில் ஜாஸ்மோனேட்டை 1962இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தது ஜாதிமல்லியின் எண்ணெயிலிருந்து. பெயரும் அங்கிருந்து வந்ததுதான். கீரைக்கட்டும் பூச்சரமும் ஒரே கொழுப்பின் இரு வழிகள் என்று எண்ணும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

கொழுப்பு என்றால் வெறும் எரிபொருள் என்றே 1920கள் வரை நம்பியிருந்தார்கள். 1929இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதி, எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். மற்ற எல்லாச் சத்தும் இருந்தும் எலிகளின் வால் செதில் செதிலாக உரிந்தது, வளர்ச்சி நின்றது, சிறுநீரகம் கெட்டது. லினோலெயிக் அமிலத்தைச் சிறிதளவு கொடுத்ததும் தேறின. மனிதக் குழந்தைகளுக்கும் அப்படியே என்பதை ஆரில்ட் ஹேன்சன் குழு காட்டியது. 428 கைக்குழந்தைகளை வைத்து அவர்கள் செய்த ஆய்வு 1963இல் வெளியானது. கொழுப்பு நீக்கிய பால் கலவையில் வளர்ந்த குழந்தைகளின் தோல் வறண்டு தடித்துப் போயிருந்தது.

ஒமேகா-3க்கான சான்று இன்னும் தாமதமாக வந்தது. 1982இல் ரால்ஃப் ஹோல்மன் குழுவினர் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி எழுதினார்கள். வயிற்றில் குண்டு பாய்ந்து குடலை இழந்த குழந்தை. நரம்பு வழியாகவே உணவு ஏற்றினார்கள். அதில் இருந்த கொழுப்பு குசும்பா எண்ணெய். ஒமேகா-6 ஏராளம், ஒமேகா-3 அநேகமாக இல்லை. சில மாதங்களில் கை கால் மரத்துப்போய், நடக்க முடியாமல், பார்வை மங்கியது. சோயா எண்ணெய் கலந்த திரவத்துக்கு மாற்றியதும் அந்தத் தொல்லைகள் மறைந்தன. ஒரே ஒரு குழந்தையின் கதைதான். ஆனாலும் நம் அடுக்களையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அது என் நினைவுக்கு வரும். ஏனென்றால் நம் வீடுகளிலும் ஒன்று நிறைய இருக்கிறது, மற்றது குறைவாக இருக்கிறது.

இரண்டாம் படி: எண்ணெய் டப்பாவைக் கணக்கெடுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் வாங்கிய எண்ணெய் வகைகளையும் அளவையும் எழுதுங்கள். நெய், வெண்ணெய், வனஸ்பதி எல்லாம் சேர்த்துத்தான். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டலில், 2000 கலோரி உண்கிற ஒருவருக்கு நாளொன்றுக்கு 27 கிராம் எண்ணெயும் கொழுப்பும் என்று வரைந்திருக்கிறார்கள். நான்கு பேர் வீட்டுக்கு மாதத்துக்கு ஏறக்குறைய மூன்றரை லிட்டர். ஐந்து, ஆறு லிட்டர் என்று எழுத வேண்டி வந்தால், வகையை மாற்றுவதற்கு முன் அளவைக் குறைப்பதுதான் உங்கள் முதல் வேலை.

இப்போது வகை. லினோலெயிக் அமிலம், அதாவது ஒமேகா-6, வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் ஏறக்குறைய 60 விழுக்காடு. நல்லெண்ணெயில் நாற்பதுக்குச் சற்று மேல். தவிட்டெண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு. கடலெண்ணெயில் முப்பதை ஒட்டி. பாமாயிலில் பத்து. தேங்காய் எண்ணெயில் இரண்டே இரண்டு.

ஒரு நாள் 27 கிராமும் நல்லெண்ணெயாகவே இருந்தால் 11 கிராம் ஒமேகா-6 கிடைக்கும். கடலெண்ணெயானால் 8 கிராம். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு குறைந்தபட்சமாகச் சொன்னது மொத்தக் கலோரியில் இரண்டரை விழுக்காடு. அது 2000 கலோரிக்கு ஐந்தரை கிராம்தான். அரிசி, பருப்பு, நிலக்கடலை, எள்ளுப்பொடி வழியாக வருவது இதற்கு மேல். ஆக, சூரியகாந்தியோ நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ புழங்கும் வீட்டில் ஒமேகா-6க்காக நீங்கள் எதையும் தேடிப் போக வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெயும் தேங்காய்ப்பாலும் மட்டுமே புழங்குகிற குமரி மாவட்டத்து வீட்டுக்கோ யாழ்ப்பாணத்து வீட்டுக்கோ கணக்கு வேறு. அங்கே ஒரு கைப்பிடி நிலக்கடலையும், எள்ளுருண்டையும், தாளிப்புக்கு நல்லெண்ணெயும் சேர்த்துக்கொள்வது நல்லது.

ஒமேகா-3க்கு வாருங்கள். மேலே சொன்ன எண்ணெய்களில் தவிட்டெண்ணெயில் ஒரு விழுக்காடு அளவில் இருக்கிறது. மற்றவற்றில் அதுகூட இல்லை. சோயா எண்ணெயில் ஏழு விழுக்காடு. கடுகெண்ணெயில் ஆறிலிருந்து பத்து வரை. வங்காளத்து அடுக்களையில் கடுகெண்ணெய் இந்த வேலையைச் செய்கிறது. நம் நாக்குக்கு அது பழகவில்லை, அதற்காகப் பழகிக்கொள்ளவும் வேண்டாம். மிகுந்தால் இதயத்துக்கு நல்லதல்ல என்று கருதப்படும் எரூசிக் அமிலமும் அதில் நிறைய உண்டு.

மரச்செக்கு எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. நல்லெண்ணெய் செக்கில் கருப்பட்டி போட்டு ஆட்டும்போது வருகிற மணத்துக்கு ஈடே இல்லை; சுத்திகரிப்பில் போகிற நல்ல பொருள்கள் சிலவும் அதில் தங்கும். ஆனால் செக்கில் ஆட்டியதால் எள்ளில் இல்லாத ஒமேகா-3 எண்ணெயில் வந்துவிடாது. செக்கெண்ணெய்க்கு மாறியதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள்.

பாக்கெட்டின் பின்புறத்தையும் பாருங்கள். சூரியகாந்தி எண்ணெய் என்று எழுதியிருந்தாலும், 'ஹை ஓலெயிக்' என்று சேர்த்திருந்தால் அது வேறு ரகம். ஒமேகா-6 மிகக் குறைவாக இருக்கும். பாக்கெட்டில் பியூஃபா (PUFA) என்று போட்டிருப்பது ஒமேகா-3, ஒமேகா-6 இரண்டின் கூட்டுத்தொகை. பியூஃபா அதிகம் என்பதால் ஒமேகா-3 அதிகம் என்று பொருள் கொள்ளாதீர்கள்.

விதை எண்ணெய் எல்லாம் நஞ்சு என்று பரவும் காணொளிகளை நம்பி ஒமேகா-6ஐ அறவே ஒதுக்கவும் வேண்டாம். லினோலெயிக் அமிலம் கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது. தோலின் நீர்காக்கும் படலத்துக்கு அது இல்லாமல் முடியாது. இரண்டு குடும்பங்களும் உடலில் ஒரே நொதிக்காகப் போட்டியிடுகின்றன என்பது உண்மை. ஆனாலும் இத்தனைக்கு இத்தனை என்று ஒரு விகிதத்தைக் கட்டிக்கொண்டு அலையத் தேவையில்லை என்றே நான் மேலே சொன்ன நிபுணர் குழுவும் முடிவு செய்தது. கூடுதலாக இருப்பதைப் பார்த்து அஞ்சுவதைவிட, குறைவாக இருப்பதை நிரப்புவது எளிது.

மூன்றாம் படி: எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அளவு மிகச் சிறியது. அமெரிக்காவில் வகுத்தது, நாளொன்றுக்கு ஆண்களுக்கு 1.6 கிராம், பெண்களுக்கு 1.1 கிராம், கர்ப்பிணிகளுக்கு 1.4 கிராம் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். நிபுணர் குழு ஒமேகா-3க்குச் சொன்ன, மொத்தக் கலோரியில் அரை விழுக்காடு என்ற கணக்குப்படி பார்த்தாலும் 2000 கலோரிக்கு 1.1 கிராம்தான். ஒன்றிலிருந்து ஒன்றரை கிராம் என்று மனதில் கொள்ளுங்கள். இந்த ஒரு கிராமைத்தான் இனி தேடப் போகிறோம்.

நான்காம் படி: கீரையிலிருந்தும் உளுந்திலிருந்தும் தொடங்குங்கள்

கீரைகளில் கொழுப்பு மிகக் குறைவு, ஆனால் இருக்கும் கொழுப்பில் பெரும்பகுதி ஒமேகா-3. எல்லாவற்றிலும் முன்னால் நிற்பது பருப்புக் கீரை. சதைப்பற்றான சிறு இலை, சிவந்த தண்டு, மஞ்சள் பூ. சில ஊர்களில் கோழிக்கீரை என்பார்கள். வயல் வரப்பில் களையாகப் பிடுங்கி எறியப்படுகிற அந்தச் செடியின் 100 கிராம் பச்சை இலையில் 300 முதல் 400 மில்லிகிராம் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் இருக்கிறது. பாசிப்பருப்போடு கூட்டு வைத்தால் நான்கு பேர் வீட்டில் இரண்டு கட்டு எளிதாகத் தீர்ந்துவிடும்.

நீங்களே பறிப்பதானால் ஒரு கவனம். இதே போலத் தரையில் படர்கிற, பால் வடிகிற செடிகள் உண்டு. தண்டை ஒடித்துப் பாருங்கள். வெள்ளைப் பால் கசிந்தால் அது பருப்புக் கீரை இல்லை, விட்டுவிடுங்கள். சாலையோரத்திலும் சாக்கடையோரத்திலும் பறிக்காதீர்கள். இந்தக் கீரையில் ஆக்சலேட் அதிகம் என்பதால் சிறுநீரகக் கல் வந்தவர்கள் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

உளுந்து இங்கே வருவது பலருக்குப் புதிதாக இருக்கும். துவரம்பருப்பு, கடலைப்பருப்பு ஆகியவற்றின் கொழுப்பில் ஒமேகா-6தான் மிகுதி. உளுந்தின் கொழுப்பு வேறு மாதிரி. மொத்தம் ஒன்றரை விழுக்காடு இருந்தாலே அதிகம், ஆனால் அதில் பெரும்பங்கு ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். 100 கிராம் உளுந்தில் அரை கிராமுக்கு மேல் தேறும். இட்லி, தோசை, உளுந்தங்களி, உளுந்தஞ்சோறு என்று நாம் சாப்பிடுகிற அளவைப் பார்த்தால் இது சின்ன வரவில்லை. காலை இட்லியில் ஒருவருக்கு 30 கிராம் உளுந்து என்று வைத்தாலே தேவையில் ஆறில் ஒரு பங்கு போல வந்துவிடுகிறது. வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்த பாட்டிகள் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள். கொடுத்தது என்னவோ சரியான பண்டம். ராஜ்மா பீன்ஸும் இந்த வரிசையில் வரும்.

கீரையும் உளுந்தும் சேர்ந்து பாதித் தேவையை நெருங்கும். மீதிக்கு விதை வேண்டும்.

ஐந்தாம் படி: ஆளி விதையைப் பொடித்துச் சாப்பிடுங்கள்

நாட்டு மருந்துக் கடையில் ஆளி விதை என்று கேட்டால் தருவார்கள். பழுப்பு நிறம், எள்ளைவிடச் சற்றுப் பெரியது, கையில் வழவழக்கும். இதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். ஒரு மேசைக்கரண்டிப் பொடியில், அதாவது 7 கிராமில், 1.6 கிராம் இருக்கிறது. ஒரு நாள் தேவை அப்படியே ஒரு கரண்டியில்.

ஆனால் முழு விதையாக விழுங்கினால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. மேல்தோல் கெட்டி. பல்லுக்கு நழுவி, குடலுக்கும் நழுவி, போட்டது போட்டபடி வெளியே போய்விடும். நானே ஏழெட்டு மாதம் முழு விதையை மோரில் போட்டுக் குடித்திருக்கிறேன். பொடிக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. விற்ற கடையிலும் சொல்லவில்லை. அத்தனை மாதமும் கிடைத்தது நார்ச்சத்தின் வழவழப்பு மட்டும்தான். இந்தக் கட்டுரையில் ஒரு வரி மட்டும் நினைவில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும்: பொடித்துச் சாப்பிடுங்கள்.

செய்முறை எளிது. அடி கனமான வாணலியைச் சிறுதீயில் வைத்து எண்ணெயில்லாமல் வறுங்கள். படபடவென வெடிக்கத் தொடங்கி, ஒன்றிரண்டு துள்ளி வெளியே விழும். அதோடு இறக்கித் தட்டில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். நிறம் கறுக்க விட்டால் கசக்கும். ஆறியதும் மிக்ஸியில் விட்டு விட்டு அரையுங்கள். ஒரே ஓட்டமாக ஓட்டினால் சூடேறி எண்ணெய் கசிந்து கட்டியாகிவிடும். ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் பொடிக்காதீர்கள். காற்றுப் புகாத பாட்டிலில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் மணம் மாறாமல் இருக்கும். முழு விதை வெளியில் இருந்தாலே பல மாதம் தாங்கும்.

இளவறுப்பில் ஒமேகா-3 போய்விடுமா என்று கேட்பார்கள். விதைக்குள் இருக்கும்வரை அது சூட்டை நன்றாகவே தாங்குகிறது. வறுப்பதால் பச்சை விதையில் சிறிதளவு இருக்கும் சயனைடு தரும் பொருள்களும் குறையும். அதனால்தான் நான் வறுக்கச் சொல்கிறேன். அப்படியும் நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி போதும், மிஞ்சினால் இரண்டு.

எதில் போடுவது? தோசை ஊற்றும் முன் மாவில், சப்பாத்தி பிசையும்போது, கம்பங்கூழில், தயிர்சாதத்தில். என் விருப்பம் இட்லிப் பொடி. ஒரு கப் ஆளி விதைக்கு அரைக் கப் உளுந்து, கால் கப் கடலைப்பருப்பு, எட்டு வரமிளகாய், நெல்லிக்காய் அளவில் பாதிப் புளி, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, ஆறு பல் பூண்டு, பெருங்காயம், உப்பு. எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து, பருப்புகளை முதலில் கொரகொரப்பாக அரைத்துவிட்டு ஆளி விதையைக் கடைசியில் சேர்த்து இரண்டு சுற்று ஓட்டுங்கள். இதில் பாதிக்குச் சற்று மேல்தான் ஆளி விதை என்பதால் இரண்டு மேசைக்கரண்டிப் பொடி வேண்டும். நல்லெண்ணெய் விட்டுக் குழைத்தால் நான்கு இட்லிக்குச் சரியாக இருக்கும். ஆந்திரத்திலும் வட கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் இப்படியான பொடி நெடுநாளாக வீட்டு வழக்கம்.

ஆளி விதைக்குப் பதிலாகச் சியாவும் சாப்பிடலாம். 100 கிராமில் ஏறக்குறைய 18 கிராம் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். விலைதான் அதிகம். சப்ஜா விதையைச் சியா என்று சொல்லி விற்பதுண்டு. இரண்டும் வேறு வேறு. அக்ரூட் பருப்பு பிடித்தவர்களுக்கு மூன்று முழுப் பருப்பு ஒரு நாளைக்கு ஒரு கிராமைக் கொடுத்துவிடும். பாதாமை ஒமேகா-3க்காக ஊறவைத்துச் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். பாதாம் நல்ல பருப்பு, ஆனால் அதில் ஒமேகா-3 இல்லை என்றே சொல்லலாம். பூசணி விதை, சூரியகாந்தி விதையும் அப்படித்தான்.

ஆறாம் படி: மீன் உண்பவரானால் சிறு மீனுக்குத் திரும்புங்கள்

செடி தருகிற ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தை உடல் நீட்டி, இபிஏ, டிஹெச்ஏ என்ற இரண்டு நீண்ட அமிலங்களாக மாற்றுகிறது. மூளையிலும் விழித்திரையிலும் நிறைந்திருப்பது டிஹெச்ஏ. ஆனால் இந்த மாற்றம் மிக மந்தமானது. இபிஏவாக மாறுவது நூற்றில் சில பங்கு. டிஹெச்ஏவாக மாறுவது பெரும்பாலும் ஒன்றுக்கும் குறைவு. பிள்ளை பெறும் வயதுப் பெண்களின் உடல் மட்டும் ஆண்களைவிடத் திறமையாக மாற்றிக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் துணை செய்கிறது.

மீனில் இந்த நீண்ட அமிலங்கள் ஆயத்தமாகவே இருக்கின்றன. மீனும் பெரும்பாலும் தானாகச் செய்துகொண்டதில்லை. கடலின் நுண்பாசிகள் செய்ததை மிதவை உயிர்கள் தின்று, அவற்றை மீன் தின்று வந்து சேர்ந்தது. மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி, சூடை. குமரிக் கடற்கரையில் மத்தியைச் சாளை என்பார்கள், கானாங்கெளுத்தியை அயிலை என்பார்கள். மத்தியில் கொழுப்பு பருவத்துக்குப் பருவம் வெகுவாக மாறும். கொழுத்த பருவத்து மீனைக் குழம்பில் போட்டால் மேலே நெய் மிதப்பது கண்ணுக்கே தெரியும். பண்ணைக் குளத்துக் கட்லாவிலும் திலாப்பியாவிலும் இந்த அமிலங்கள் குறைவு. விலை கொடுத்து வாங்கும் பெரிய மீனைவிட மலிவான மத்தி இந்த விஷயத்தில் மேல் என்பதை மீன் சந்தையில் நிற்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

வாரம் இரண்டு முறை போதும். இபிஏ, டிஹெச்ஏ இரண்டும் சேர்ந்து நாளுக்கு 250 மில்லிகிராம் என்பதே நிபுணர் குழுவின் அடிமட்ட அளவு. இரண்டு வேளை மத்திக் குழம்பு வாரக் கணக்கை முடித்துவிடும். குழம்பாகவோ, வாழையிலையில் மடித்துச் சுட்டோ சாப்பிடுங்கள். எண்ணெயில் மூழ்கப் பொரித்தால் மீனின் கொழுப்பு கொஞ்சம் வெளியேறி, வாணலியின் ஒமேகா-6 உள்ளே புகும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறா போன்ற பெரிய வேட்டை மீன்களைத் தவிர்க்க வேண்டும். அவற்றில் பாதரசம் சேர்ந்திருக்கும். சிறு மீன்களில் அந்த அச்சம் மிகக் குறைவு. தாய் உண்கிற டிஹெச்ஏ தாய்ப்பாலில் கூடிக் குறைகிறது என்பதால், இந்தக் காலத்தில்தான் சிறு மீன் மிகவும் தேவை.

சைவ உணவுக்காரர்கள் ஆளி விதை அளவைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். கர்ப்ப காலத்தில் மருத்துவர் டிஹெச்ஏ எழுதினால், மீனில்லாமல் பாசியிலிருந்தே எடுத்த மாத்திரைகள் கிடைக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

ஏழாம் படி: கெடாமல் காப்பாற்றுங்கள்

இரட்டைப் பிணைப்பு கூடக் கூடக் காற்று சீக்கிரம் தாக்கும். ஆளி விதை எண்ணெயை மரச்சாமான்களுக்கு மெருகாகவும் ஓவிய வண்ணத்திலும் சேர்க்கிறார்கள். காற்றுப் பட்டதும் அது கெட்டிப் படலமாக இறுகிவிடும் என்பதுதான் காரணம். அதே வேலை உங்கள் பாட்டிலுக்குள்ளும் நடக்கும். அதனால் ஆளி விதை எண்ணெயில் ஒருபோதும் தாளிக்காதீர்கள், வதக்காதீர்கள். வாங்குவதானால் சிறிய, இருண்ட நிறப் பாட்டில் வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்து, சமைத்த உணவின் மேல் ஊற்றிக்கொள்ளுங்கள். என் கருத்தில் எண்ணெயைவிடப் பொடியே மேல்.

பொடியோ பருப்போ எண்ணெயோ, காறல் வாடை வந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். பெயிண்ட் வாசம் அடித்தாலும் அப்படியே. ஆனால் நல்லெண்ணெய் இவ்வளவு ஒமேகா-6 வைத்துக்கொண்டும் எளிதில் காறுவதில்லை. எள்ளில் இருக்கும் செசமின், செசமோலின் வகையறாக்கள் அதைக் காக்கின்றன. ஊறுகாய்க்கு நல்லெண்ணெய் ஊற்றும் வழக்கம் வீணாக வந்ததில்லை.

பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். கடைகளுக்கே இதற்கு அளவு உண்டு: காய்ச்சக் காய்ச்ச எண்ணெய் சிதைந்து உண்டாகும் முனைவுப் பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது இந்தியாவில் 2018 ஜூலையிலிருந்து விதி. வீட்டில் அளக்கும் கருவி இல்லை. கறுத்து, நுரைத்து, புகைந்தால் போதிய சான்று. வனஸ்பதி போன்றவற்றில் டிரான்ஸ் கொழுப்பு இரண்டு விழுக்காட்டுக்குமேல் கூடாது என்ற விதி 2022 ஜனவரியில் வந்தது. அது நல்ல விதி. ஆனாலும் வீட்டுக்குள் வனஸ்பதி வருவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

எட்டாம் படி: மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்

மீன் எண்ணெய் மாத்திரை இதயத்தைக் காக்கும் என்ற நம்பிக்கை வலுவானது. அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து நடந்து 2018இல் முடிவு வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு ஒரு கிராம் மாத்திரை எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும், மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் இறப்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிக அதிகமாக இருப்பவருக்கு மருத்துவர் பெரிய அளவில் எழுதுவது தனி விஷயம், அது மருந்து. பெரிய அளவில் எடுக்கும்போது இதயத் துடிப்பு தாளம் தவறும் ஆபத்து சற்றுக் கூடுகிறது என்பதும் தெரிய வந்திருக்கிறது.

இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் கேட்காமல் தொடங்கவே கூடாது. காட் லிவர் எண்ணெயில் வைட்டமின் ஏ அதிகம் என்பதால் கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது. அட்டையில் '1000 மில்லிகிராம் மீன் எண்ணெய்' என்று பெரிதாக இருந்தாலும், பின்னால் இபிஏ 180, டிஹெச்ஏ 120 என்று இருக்கும். உங்களுக்குக் கணக்கு அந்த 300தான்.

ஆளி விதைக்கும் சில கட்டுப்பாடுகள். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லையென்றால் மலச்சிக்கல் கூடும். மாத்திரைகளை அதோடு சேர்த்து விழுங்காதீர்கள். அதன் பிசின் மருந்து உட்கிரகிப்பதைத் தாமதப்படுத்தும், ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கர்ப்பிணிகள் தினசரி எடுப்பதற்கு முன் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. முதல் வாரம் ஒரு தேக்கரண்டியில் தொடங்கினால் வயிறு உப்பாது.

இந்த வாரமே தொடங்க

ஞாயிறு காலை ஆளி விதையை வறுத்துப் பொடித்து வையுங்கள். திங்களிலிருந்து காலை உணவில் ஆளுக்கு ஒரு தேக்கரண்டி. வாரத்தில் இரண்டு நாள் கீரை. அதில் ஒரு நாள் பருப்புக் கீரை. மீன் உண்பவரானால் புதனும் சனியும் மத்தியோ நெத்திலியோ. எண்ணெய் டப்பாவில் ஒரு காகிதம் ஒட்டி, திறந்த தேதியை எழுதுங்கள். எத்தனை நாளில் தீர்கிறது என்று பார்த்தால் மாதக் கணக்கு தானே வந்துவிடும்.

சந்தையில் பருப்புக் கீரை கிடைத்தால் நான்கைந்து தண்டுகளை ஒதுக்கி வையுங்கள். இலையைக் கிள்ளிவிட்டு ஒரு தொட்டியில் சாய்த்து நட்டுத் தண்ணீர் தெளித்தால் ஒரு வாரத்தில் வேர் பிடிக்கும். வெயில் எவ்வளவு அடித்தாலும் தாங்கும். காலையில் பறித்தால் புளிப்பு கூடுதலாக இருக்கும், இரவில் இலை சேர்த்து வைத்த அமிலம் அது. மாலையில் பறித்தால் புளிப்பு அடங்கியிருக்கும். கூட்டுக்கு மாலைக் கீரை, தயிர்ப் பச்சடிக்குக் காலைக் கீரை.